மறதிக்குச் சான்று தேடிய வரலாறு

முதுமையில் வரும் மறதியைக் குறிக்கத் தமிழர் வழங்கும் தொடர்கள் பல. ஈழத்தார் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பர். தமிழகத்தார் 'புத்தி தடுமாறிவிட்டது' என்பர். நம் மலேசியத் தோட்டப்புறங்களிலோ 'கெழவிக்கு ஞாபகம் தப்பிப் போச்சு' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவர். அண்டை வீட்டு மலாய்க்காரர் 'ஞாஞுக்' என்ற ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார். இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இவற்றுள் எதுவும் நோயின் பெயர் அன்று. தலை நரைப்பது போல, பல் உதிர்வது போல, அறிவு மங்குவதும் மூப்பின் இயல்பே என்று நம் முன்னோர் கொண்டனர். இக்கருத்து நமக்கே உரியதும் அன்று. ஐரோப்பிய மருத்துவரும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை ஏறத்தாழ இவ்வாறே எண்ணியிருந்தனர். அம்மறதியுள் ஒரு நோய் ஒளிந்துள்ளது என்பதற்கு உடலுக்குள்ளேயே சான்று தேடிய முயற்சி 1901ஆம் ஆண்டில் தொடங்கி, 2025ஆம் ஆண்டில் ஒரு குழாய்க் குருதியில் வந்து நின்றது. பள்ளிக்கூடம் காணாத பெற்றோரையும் பாட்டன் பாட்டியரையும் உடைய நம் சமுதாயத்திற்கு அவ்வரலாற்றில் தனியொரு பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

செருமனியின் பிராங்க்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் 1901ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் ஒரு பெண்மணி சேர்க்கப்பட்டார். பெயர் அகுஸ்தே டேட்டர். அகவை 51. கணவர் இருப்புப்பாதைத் துறை எழுத்தர். கணவர்மேல் காரணமற்ற ஐயம், வைத்த பொருளை மறத்தல், வீட்டுக்குள்ளேயே வழி தவறுதல் என நோய் வளர்ந்திருந்தது. அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் அவரிடம் உரையாடி, வினாவையும் விடையையும் அப்படியே எழுதி வைத்தார். கணவர் பெயர் கேட்டபோது அம்மையார் தம் பெயரையே கூறினார். நண்பகலில் பன்றியிறைச்சியும் பூக்கோசும் உண்டுகொண்டிருந்தவரிடம் என்ன உண்கிறீர் எனக் கேட்க, கீரை என்றார். பெயரை எழுதச் சொன்னபோது 'திருமதி' என்பதை மட்டும் எழுதி, எஞ்சியதை மறந்து நின்றார். ஒவ்வொரு சொல்லாகத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. நோயாளியின் அறிவை எழுதுகோல் கொண்டு அளக்கும் வழக்கம் இந்நோயின் பிறப்பிலேயே இருந்தது என்பதை ஈண்டு நினைவில் கொள்க. பின்னர் இதற்கு மீள்வோம்.

அல்சைமர் 1903இல் பிராங்க்பர்ட்டை விட்டு நீங்கியபின்னும் இந்த அம்மையாரை மறக்கவில்லை. 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் அம்மையார் இறந்த செய்தி எட்டியதும், அவரது மூளையை மியூனிக்கிற்கு வரவழைத்தார். வெள்ளிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் நோக்கியபோது இரண்டு பொருள்கள் தென்பட்டன. நரம்பு உயிரணுக்களுக்கு வெளியே ஏதோ ஒரு பொருள் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. உயிரணுக்களுக்கு உள்ளே நூலிழைகள் சிக்குண்டு முறுக்கிக் கிடந்தன. அவ்வாண்டு நவம்பர் 3ஆம் நாள் டியூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர் அவையில் இதை எடுத்துரைத்தார். அவையோர் ஒருவரும் ஒரு வினாவும் எழுப்பவில்லை. 1910ஆம் ஆண்டு கிரெப்பெலின் என்ற பேராசிரியர் தம் பாடநூலில் 'அல்சைமர் நோய்' எனப் பெயர் சூட்டினார். அகுஸ்தே அம்மையாரின் மருத்துவக் கோப்போ பிராங்க்பர்ட்டிலேயே எங்கோ மறைந்து கிடந்து, 1995ஆம் ஆண்டு இறுதியில்தான் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. மறதி நோயின் முதல் ஏட்டையே உலகம் தொண்ணூறு ஆண்டுகள் மறந்திருந்தது!

பெயர் சூட்டியதால் ஒரு தீமையும் விளைந்தது. ஐம்பது அகவையில் வந்தால் அல்சைமர் நோய், எழுபதில் வந்தால் மூப்பின் தளர்ச்சி என்று மருத்துவ உலகம் இரு கூறாகப் பிரித்துக்கொண்டது. அரிதாக வருவது நோயாயிற்று. பெருவாரியாக வருவது இயல்பாயிற்று. 1968ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிளெஸ்ட், டாம்லின்சன், ராத் ஆகிய மூவர் முதியோர் மூளைகளை எண்ணிக்கையிட்டு ஆராய்ந்தனர். எவர் வாழ்நாளில் அறிவு மிகத் தடுமாறினாரோ அவர் மூளையில் அத்திட்டுகளும் மிகுந்திருந்தன. அகுஸ்தேயின் நோயும் நம் ஊர்க் கிழவியின் மறதியும் பெரும்பாலும் ஒன்றே என்பது அதன்பின்தான் மெல்ல மெல்ல ஏற்கப்பட்டது. ஆயினும் உறுதியான சான்று ஒருவர் இறந்தபின், மூளையை அறுத்துப் பார்த்தால்தான் கிடைக்கும். உயிரோடிருப்பவருக்கு நோய் உண்டா இல்லையா என்பதை வினாக்களைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டியிருந்தது.

அவ்வினாக்களுள் உலகெங்கும் பரவியது 1975ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தம்பதியரும் மக்ஹியூ என்பாரும் வெளியிட்ட முப்பது புள்ளித் தேர்வு. இன்று என்ன நாள், இது எந்த ஊர் என்பன போன்ற வினாக்கள். மூன்று சொற்களைச் சொல்லிச் சற்றுப் பின் நினைவுகூரச் செய்தல். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தல். எழுதியிருப்பதைப் படித்து அவ்வாறு செய்தல். ஒரு வாக்கியம் எழுதுதல். இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைதல். இருபத்து நான்கு புள்ளிக்குக் குறைந்தால் ஐயுற வேண்டும் என்பது பெருவழக்கு.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் கற்பித்த பாடங்களுள் ஒன்று, ஒரு வினாத்தாள் எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதைத்தான் அளக்கிறதா என்று கேட்க வேண்டும் என்பது. அவ்வினாவை இங்கும் எழுப்பிப் பார்க்கலாம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளி வந்தது. ஆனால் பெற்றோர் விடியுமுன் பிரட்டுக்குப் போனபின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே! மூத்த பெண்பிள்ளை வீட்டில் நின்றாள். அடுத்த சில ஆண்டுகளில் தானும் கத்தியும் வாளியும் எடுத்தாள். லேடாங் மலையடிவாரத்துப் பால்மரக்காட்டில் நாற்பது ஆண்டு மரம் வெட்டிய அத்தகைய மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். தம் நிரையில் எந்த மரம் பட்டை காய்ந்தது, எந்த மரம் பால் மிகுதியாகத் தரும் என்பது அவருக்கு மனப்பாடம். பேரப்பிள்ளைகள் பிறந்த கிழமை வரை சொல்வார். அவரிடம் இத்தேர்வை வைப்போம். ஏழேழாகக் கழிப்பதற்கு ஐந்து புள்ளி, படிப்பதற்கு ஒன்று, எழுதுவதற்கு ஒன்று, ஐங்கோணத்திற்கு ஒன்று. இந்த எட்டையும் இழந்து, மற்ற அனைத்திற்கும் பிழையின்றி விடை கூறினாலும் அவர் பெறுவது இருபத்திரண்டு. ஒரு குறையும் இல்லாத மூதாட்டி நோயாளியாகிவிட்டார். மாறாக, நோய் உண்மையாகவே பற்றிய மற்றொரு மூதாட்டியின் குறைந்த புள்ளியைக் கண்டு, 'படிக்காதவர், அப்படித்தான் இருக்கும்' என்று தள்ளிவிடவும் இத்தேர்வே இடம் தருகிறது.

இக்குறையை உணர்ந்து முதலில் செயற்பட்டோருள் இந்திய மண்ணில் உழைத்தோர் பலர். அரியானாவின் பல்லப்கட் ஊர்ப்புறத்தில் எழுத்தறியா முதியோர்க்கென்றே இத்தேர்வின் இந்தி வடிவம் அமைக்கப்பட்டு 1995இல் வெளிவந்தது. தமிழகத்தில் செங்கற்பட்டு வட்டாரத்துத் திருப்போரூரில் ராஜ்குமார், தாரா முதலிய மனநல மருத்துவர் நடத்திய ஆய்வு 1997இல் வெளியாயிற்று. அறுபது அகவை கடந்தோருள் நூற்றுக்கு மூன்றரைப் பேருக்கு அறிவுத் தேய்வு நோய் உண்டு என அது கண்டது.

அடுத்த ஆண்டு, 1998இல், கொச்சியில் கூடிய அறிஞர்கள் 'பத்தும் அறுபத்தாறும்' எனும் பொருளில் ஓர் ஆய்வுக் குழுவுக்குப் பெயரிட்டனர். இந்நோயுற்றோருள் மூன்றில் இரு பங்கினர் வளரும் நாடுகளில் வாழ்கின்றனர். மக்கள்தொகை ஆய்வுகளிலோ பத்தில் ஒரு பங்குகூட அந்நாடுகளில் நடப்பதில்லை என்பதே அப்பெயரின் பொருள். அக்குழு லத்தீன் அமெரிக்கா, சீனா, இந்தியா ஆகிய இடங்களில் அறுபத்தைந்து அகவை கடந்தோரை வீடு வீடாகச் சென்று ஆராய்ந்தது. இந்தியாவில் அது தேர்ந்த இடங்கள் இரண்டும் தமிழ்நாட்டில் இருந்தன: நகர்ப்புறத்திற்குச் சென்னை, ஊர்ப்புறத்திற்கு வேலூர். 2008இல் வெளியான முடிவு வியப்பானது. அமெரிக்க மனநல மருத்துவ இலக்கணப்படி கணக்கிட்டால் கியூபாவில் நூற்றுக்கு 6.3 பேருக்கு நோய். இந்திய ஊர்ப்புறத்தில் 0.3 பேருக்கு மட்டுமே. தமிழகச் சிற்றூர்களில் மறதி நோய் இல்லை என்றே இதைக் கொண்டு ஒருவர் மார்தட்டியிருக்கலாம். ஆனால் கல்வியும் பண்பாடும் குறுக்கிடாதவாறு அக்குழுவே அமைத்த முறையில் கணக்கிட்டபோது, ஆய்விடம் எதுவாயினும் 5.6க்கும் 11.7க்கும் இடைப்பட்ட எண்ணே கிடைத்தது. நோய் எங்கும் இருந்தது. அளவுகோல்தான் அதைக் காணவில்லை.

ஏன் காணவில்லை என்பது எண்ணத்தக்கது. அமெரிக்க இலக்கணம், மறதியால் ஒருவரது அன்றாட வாழ்க்கை கெட்டிருக்க வேண்டும் என்று கேட்கிறது. அதைக் குடும்பத்தார்தாம் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் எழுபது கடந்த தாயிடம் வரவு செலவு கேட்பார் இல்லை. கடைக்கு அனுப்புவார் இல்லை. மருமகள் சோறிட, பேரன் கைப்பிடித்து நடத்த, அவர் வாழ்க்கை நடந்துவிடுகிறது. வாழ்க்கை கெட்டதாக எவரும் சொல்லார். அன்புடைமையே நோயை மறைக்கும் திரையாகிவிட்டது.

நம் நாட்டிலும் இப்படிப்பினை எட்டியது. 2018ஆம் ஆண்டு மலேசியத் தேசியச் சுகாதார ஆய்வில் முதியோர் நினைவாற்றலை அளக்கத் தான்சானியாவில் கல்வி குறைந்தோர்க்கென அமைத்த தேர்வு ஒன்றைப் பயன்படுத்தினர். அதில் ஐங்கோணம் வரையத் தேவையில்லை. தீக்குச்சிகளை அடுக்கிக் காட்டினால் போதும். அறுபது கடந்தோருள் நூற்றுக்கு 8.5 பேருக்கு அறிவுத் தேய்வு நோய் இருக்கக்கூடும் என அது கண்டது. பள்ளி செல்லாதோரிடையே அவ்வெண் மிகுந்திருந்தது. அவர்களுள் எத்தனை பேருக்கு நோய், எத்தனை பேரைத் தேர்வு ஏமாற்றியது என்பதை வினாத்தாளைக் கொண்டு மட்டும் பிரித்தறிதல் அரிது. இங்கேதான் புரதம் வருகின்றது.

அல்சைமர் கண்ட திட்டுகள் எதனால் ஆனவை என்பது 1984ஆம் ஆண்டு வரை தெரியாது. அவ்வாண்டு கலிபோர்னியாவில் ஜார்ஜ் கிளென்னர், கெய்ன் வாங் இருவரும் நோயுற்ற மூளையின் உறைக் குருதிக் குழாய்களிலிருந்து அப்புரதத்தைப் பிரித்தெடுத்தனர். அமிலாய்டு பீட்டா என அது பெயர் பெற்றது. நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட அமினோ அமிலங்களே கொண்ட சிறு துண்டு அது. (கிளென்னர் 1995இல் இறந்தது வேறொருவகை அமிலாய்டு தம் உடலிலேயே படிந்ததால் என்பது விதியின் கொடுமை.) 1985இல் ஆஸ்திரேலியரான மாஸ்டர்சும் செருமானியரான பைரூத்தரும் மூளைத் திட்டுகளில் இருப்பதும் அதே புரதம் எனக் காட்டினர். 1986இல் உள்ளிருக்கும் இழைச் சிக்கலின் பொருள் 'டௌ' என்னும் புரதம் எனத் தெளிந்தது. இப்புரதம் நரம்பணுவுக்குள் சரக்குச் செல்லும் நுண்குழாய்களைக் குலையாமல் தாங்குவது. தண்டவாளத்தைப் பிணைக்கும் குறுக்குக் கட்டைகள் போன்றது. பாஸ்பேட்டுத் துணுக்குகள் அளவு மீறி ஒட்டிக்கொண்டால் அக்கட்டைகள் கழன்று, தம்முள் பின்னி முடிச்சாகிவிடும்.

புரதம் தெரிந்தபின், உயிரோடு இருப்பவரிடம் அதை எங்கே தேடுவது? மூளையைச் சூழ்ந்த நீரே தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ளது. இடுப்பருகே ஊசி செலுத்தி அந்நீரை எடுக்கும் முறையைக் குவிங்கே என்பார் 1891இலேயே வகுத்துவிட்டார். அந்நீரில் 1990களின் நடுவில் இரண்டு செய்திகள் கிடைத்தன. நோயுற்றோரிடம் டௌ மிகுந்திருந்தது, அமிலாய்டு குறைந்திருந்தது. மூளையில் மிகுந்த பொருள் நீரில் குறைவானேன்? மேலே அணை கட்டினால் கடைமடைக்கு நீர் குறைவதன்றோ! திட்டுகளில் சிக்கிக்கொண்டதால் அமிலாய்டு வெளியே வருவது குறைகிறது. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் காய் பிளென்னோவ் குழுவினர் இம்முறையைப் பல்லாண்டு செம்மைப்படுத்தினர். பிட்ஸ்பர்க் நகரத்தார் 2004இல் வேறு வழி கண்டனர். அமிலாய்டில் ஒட்டும் கதிரியக்கச் சாயத்தைச் செலுத்தித் திட்டுகளையே படமெடுத்தனர். அச்சாயத்தில் உள்ள கார்பன் 11 இருபது நிமிடத்தில் பாதியாகத் தேய்வதால், அதை ஆக்கும் பொறி பக்கத்திலேயே இருக்க வேண்டும். பின்னர் நெடுநேரம் நிற்கும் சாயங்கள் வந்தன எனினும் செலவு குறையவில்லை. முதுகில் ஊசி என்றால் அஞ்சி எழுந்துவிடும் நம் முதியோர்க்கும், பெருநகர மருத்துவமனைக்குப் பேருந்து ஏற வேண்டிய சிற்றூரார்க்கும் இவ்விரண்டும் எட்டாக்கனியே.

குருதியில் இப்புரதங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் மிகமிகச் சிறிது. ஒரு கிராமை இலட்சங்கோடிக் கூறாக்கினால் கிடைக்கும் கூறுகளால்தான் ஒரு மில்லிலிட்டரில் உள்ளதைக் கணக்கிட முடியும். 2010க்குப் பின் வந்த நுண்ணளவைக் கருவிகள் அதையும் எண்ணின. டௌவில் பாஸ்பேட்டு எந்த இடத்தில் ஒட்டியுள்ளது என்பதே முதன்மையான குறியாயிற்று. 181ஆம் இடம், 217ஆம் இடம் என அமினோ அமில வரிசை எண்ணாலேயே அவை வழங்கப்படுகின்றன. 217ஆம் இடத்துக் குறி 2020ஆம் ஆண்டு சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்துப் பால்ம்குவிஸ்ட், ஹான்சன் குழுவினரால் புகழ்பெற்றது. இளமையிலேயே அல்சைமர் நோய் வரும் மரபணு ஓடும் பெருங்குடும்பம் ஒன்று கொலம்பியா நாட்டில் உண்டு. அக்குடும்பத்தாரின் குருதியில் அறிகுறி தோன்றுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டு முன்னரே இக்குறி உயரத் தொடங்கியிருந்தது.

2024ஆம் ஆண்டு அதே குழுவினர், நினைவுக் குறையோடு மருத்துவரை நாடிய 1213 பேரிடம் குருதிச் சோதனையையும் மருத்துவர் கணிப்பையும் ஒப்பிட்டனர். நோய் அல்சைமரே என்றோ அன்று என்றோ பொது மருத்துவர் சரியாகக் கூறியது நூற்றுக்கு 61. துறை வல்லுநர் கூறியது 73. குருதி கூறியது 91. வல்லுநரை இகழ்வதற்காக இதை எழுதவில்லை. கண்ணால் காணாததைப் பேச்சால் ஊகிப்பது எத்துணைக் கடினம் என்பதற்கே இவ்வெண்கள் சான்று. 2025ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 217ஆம் இடத்து டௌவையும் அமிலாய்டையும் விகிதமாக அளக்கும் ஜப்பானிய நிறுவனத்தின் குருதிச் சோதனைக்கு முதன்முறையாக இசைவளித்தது. ஐம்பத்தைந்து அகவை கடந்து, நினைவுக் குறை வெளிப்பட்டவர்களுக்கு மட்டுமே அவ்விசைவு. நலமாக உள்ளவர் ஆவல் மேலீட்டால் செய்துகொள்வதற்கன்று. அமிலாய்டு படிந்தும் இறுதிவரை அறிவு மங்காதோரும் உளர். ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவான சோதனைகளில் உண்டென்றோ இல்லையென்றோ கூற இயலாத முடிவும் வரும்.

உறுதியாக அறிவதன் தேவை மருந்தால் வந்தது. அமிலாய்டை அகற்றும் மருந்து ஒன்றன் பெருஞ்சோதனைகள் 2012இல் தோற்றன. பின்னர் ஆராய்ந்தபோது, படமெடுக்கப்பட்டவருள் குறிப்பிட்ட மரபணு இல்லாத பிரிவினரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேற்பட்டோர் மூளையில் அமிலாய்டே இல்லை எனத் தெரிந்தது. இல்லாத நோய்க்கு மருந்து எங்ஙனம் வேலை செய்யும்? 2023இல் லெக்கனிமாப், 2024இல் டொனனிமாப் ஆகிய மருந்துகள் அமெரிக்காவில் ஏற்கப்பட்டபோது, அமிலாய்டு உண்டென மெய்ப்பித்த பின்னரே தரலாம் என்பது நிபந்தனையாயிற்று. அவை நோயை நீக்குவன அல்ல, அதன் விரைவைச் சற்றுக் குறைப்பன. மூளையில் வீக்கமும் கசிவும் உண்டாக்கக்கூடியன. ஆகவே வெறும் ஐயத்தின்மேல் அவற்றை ஒருவருக்குச் செலுத்துதல் தகாது.

மூதாட்டியின் குருதி அவர் எத்தனையாம் வகுப்பு வரை படித்தார் என்று கேட்பதில்லை. ஆயினும் ஓர் அளவைக்கு எல்லைக்கோடு வேண்டும். இவ்வெண்ணுக்கு மேல் நோய், கீழ் நோயின்மை என்று. அக்கோடு யாருடைய குருதியைக் கொண்டு கிழிக்கப்பட்டது? பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க வெள்ளையர் குருதியைக் கொண்டு. சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு டௌ வெளியேறாமல் குருதியில் தேங்கி, நோயில்லாமலே எண் உயரும். உடற்பருமன் மிக்கவர்க்கு எண் தாழும். மலேசிய இனங்களுள் இந்தியரிடையே நீரிழிவு மிகுதி. நீரிழிவு சிறுநீரகத்தை அரிப்பது நாம் நாளும் காண்பது. பள்ளிப்படிப்பு இல்லாததால் வினாத்தாளில் தவறாக எண்ணப்பட்டவர், சிறுநீரகப் பழுதால் குருதிச் சோதனையிலும் தவறாக எண்ணப்பட இடமுண்டு.

இதைத் தீர்க்க நம்மவர் குருதியையே ஆராய வேண்டும். அப்பணி ஜொகூரை அடுத்தே நடந்து வருகிறது. சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் மருத்துவர் நாகேந்திரன் கந்தையா தலைமையில் 2022இல் அமைந்த அறிவுத் தேய்வு ஆய்வு நடுவம், முப்பது முதல் தொண்ணூற்றைந்து அகவை வரையுள்ள 2500 பேரை ஐந்தாண்டு தொடர்ந்து நோக்கும் ஆய்வைத் தொடங்கியது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரும் அதில் உளர். அவ்வாய்வில் சேர்ந்தோருள் ஏறத்தாழ ஆயிரம் பேரின் மூளைப் படங்களையும் குருதிக் குறிகளையும் ஒப்பிட்ட முடிவு 2025இல் வெளிவந்தது. மூளைக் குருதிக் குழாய்களைச் சுற்றிக் கழிவு வடியும் இடைவெளிகள் விரிந்து அடைபட்டிருப்பதற்கும் அப்புரதக் குறிகளுக்கும் தொடர்பு உண்டென அது காட்டியது. தமிழக எல்லையை ஒட்டிய கர்நாடக மாநிலக் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்திலும் ஓர் ஆய்வு 2018இல் தொடங்கிற்று. சென்னையிற் பிறந்த விஞ்ஞானி விஜயலட்சுமி ரவீந்திரநாத் நிறுவன இயக்குநராக இருந்து உருவாக்கிய பெங்களூரு மூளை ஆய்வு நடுவம் அதை நடத்துகிறது. நாற்பத்தைந்து அகவை கடந்த பத்தாயிரம் ஊர்ப்புறத்தாரைச் சேர்ப்பது அதன் இலக்கு. அவர்களுள் எழுத்தறியாதோர் பலர்.

இக்கோடுகள் நமக்கென்று கிழிக்கப்படும் வரை, மறதி மிகுந்த தாயையோ தந்தையையோ மருத்துவரிடம் அழைத்துச் செல்வோர் செய்யத்தக்கவை சில உள. தைராய்டுக் குறைவும் பி12 உயிர்ச்சத்துக் குறைவும் மறதியை உண்டாக்கும். இரண்டும் எளிய குருதிச் சோதனையில் தெரியும், மருந்தால் திருந்தும். புரதச் சோதனை செய்ய நேரின் அதே நாளில் சிறுநீரகச் சோதனையும் செய்து, இரண்டு தாள்களையும் மருத்துவர் முன் ஒருங்கே வைத்தல் வேண்டும். நோயாளி எத்தனை ஆண்டு பள்ளி சென்றார், என்ன தொழில் செய்தார் என்பதையும், முன்பு தாமாகவே செய்த எந்த வேலையை இப்போது பிறர் செய்து கொடுக்கின்றனர் என்பதையும் உடன் செல்பவர் மருத்துவர் கேட்குமுன்னரே கூறிவிடுதல் நன்று.